பதினைந்தில் ஒரு பங்கு லிபரேட்டர்

கோலாரையும் சென்னையையும் வரைபடத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோட்டுக்குத் தெற்கே, வாணியம்பாடிக்கும் போளூருக்கும் நடுவே, பெரிய பச்சைத் திட்டு ஒன்று கிடக்கும். அதுதான் ஜவ்வாது மலை. சாமை, தேன், காவலூர் தொலைநோக்கி, கோடை விழா. நம்மில் பலருக்கு அந்த மலை இவ்வளவுதான். இரண்டாம் உலகப் போருக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் திணறுவோம்.

சம்பந்தம் இருக்கிறது. 1944இல் அந்தக் கோட்டின் மேற்கு முனையில், கோலாரில், பிரிட்டிஷ் விமானப்படை ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தியது. 1673ஆம் எண் கனரக மாற்றுப் பயிற்சிப் பிரிவு என்று பெயர். அதுவரை இரட்டை எஞ்சின் வெலிங்டன் ஓட்டிக்கொண்டிருந்தவர்களை நான்கு எஞ்சின் பி-24 லிபரேட்டருக்குப் பழக்குவதுதான் அதன் வேலை. அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கிப் பறந்தவர்களுக்கு வலப்பக்கம் தெரிந்திருக்கக்கூடிய மலை ஜவ்வாது. அந்தப் பள்ளியின் ஆட்களை அடிப்படையாக வைத்து 1944 நவம்பர் 8ஆம் தேதி கோலாரிலேயே ஒரு முழு ஸ்குவாட்ரன் பிறந்தது: எண் 358. பிறகு அது வங்காளத்துக்குப் போய் மறைபணிகளுக்கு மாறியது. தாய்லாந்து, இந்தோசீனா காடுகளில் ராத்திரியில் ஆட்களையும் பெட்டிகளையும் பாராசூட்டில் இறக்கியது.

ஏன் கோலார், ஏன் நம்ம ஊர்ப்பக்கம்? 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5இல் கொழும்பில் குண்டு, 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. அந்த வாரம் சென்னை காலியானது. உயர் நீதிமன்றத்தைக் கோயம்புத்தூருக்கு மாற்றினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையின் வேட்டை விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். வங்காள விரிகுடா ஒரே மாதத்தில் எதிரியின் கடலாகிவிட்டது. அதற்கப்புறம் தெற்கெங்கும் ஓடுதளங்கள் முளைத்தன: சோழவரம், அரக்கோணம், தாம்பரம், உளுந்தூர்ப்பேட்டை, சூலூர், மதுரை, கயத்தாறு, செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். சோழவரத்தில் பின்னாளில் கார் பந்தயம் நடந்தது நம் அப்பாக்களுக்குத் தெரியும். அந்தத் தார் முதலில் விமானத்துக்காகப் போட்டது.

லிபரேட்டர் அந்தக் கடலுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த 200ஆம் ஸ்குவாட்ரன் 1944இல் பரங்கிமலைக்கு வந்து, அங்கிருந்து நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தது. 203ஆம் ஸ்குவாட்ரன் மதுரையில் லிபரேட்டருக்கு மாறி யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போனது. இன்றைய பலாலி விமான நிலையம்தான் அந்தக் காங்கேசன்துறைத் தளம். இலங்கையில் இருந்த 160ஆம் ஸ்குவாட்ரன் 1945 மார்ச்சில் சிங்கப்பூர் துறைமுகம் வரை போய் கடற்கண்ணிகளைப் போட்டுவிட்டுத் திரும்பியது. போக வர 5,000 கிலோமீட்டருக்கும் மேல், நடுவில் இறங்க ஒரு அடி நிலம் கிடையாது.

இவ்வளவு தூரம் எப்படிப் போனது என்று கேட்டால், இறக்கையைக் காட்ட வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 110 அடி, அதாவது 33.5 மீட்டர். ஆனால் முன்பின் அகலம் சராசரியாக 3 மீட்டர்கூட இல்லை. டேவிஸ் இறக்கை என்று அதற்குப் பெயர். நீளமாகவும் ஒடிசலாகவும் இருப்பதால் காற்று குறைவாக இழுக்கும், அதே பெட்ரோலில் கூடுதல் தூரம் போகலாம். அதில் 1,200 குதிரைத்திறன் எஞ்சின்கள் நான்கு. உடம்போ அழகில்லை. தட்டையான பக்கங்கள், தொங்கும் வயிறு, பின்னால் இரண்டு பெரிய முட்டை வடிவ வால்தகடுகள். குண்டறைக் கதவு வெளியே திறக்காது. நம்ம கடைவீதி ஷட்டர் மாதிரி பக்கச்சுவரோடு ஒட்டி மேலே சுருண்டு ஏறும். முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போக, குண்டறையின் நடுவில் ஒரு சாண் சொச்சம் அகலத்தில் ஒரு பலகைப் பாதை. கீழே கதவு திறந்திருந்தால் கால் தவறினால் கடல்.

அமெரிக்கா இதை 18,000க்கும் மேல் செய்து தள்ளியது. ஃபோர்டு கம்பெனியின் வில்லோ ரன் தொழிற்சாலை உச்சத்தில் இருந்தபோது மணிக்கு ஒன்று வெளியே வந்தது. எந்த அமெரிக்க ராணுவ விமானமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

*

இந்தக் கதையில் நம்மவர்கள் எங்கே? ஓடுதளத்தில் கல் சுமந்தார்கள் என்பது ஒரு பதில். இன்னொரு பதில் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஜவ்வாது மலையைச் சுற்றியிருக்கும் சமவெளி அன்றைக்கு வடாற்காடு மாவட்டம். மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய முக்கியமான மாவட்டங்களில் அதுவும் ஒன்று. 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்து நிறுத்துவதற்குள் தலைமுறைகள் கப்பலேறிவிட்டன. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டம் படுத்தது, ரேஷன் நின்றது. அப்போதுதான் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டருக்கு ஒரு ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது. கூலி உண்டு, சோறு உண்டு, சீக்கிரம் திரும்பலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். அப்புறம் சும்மா பிடித்தார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டு லாரியில் ஏற்றிய கதைகள் மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் உண்டு.

பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறைகள் உண்டு, கல்லில் பெயர் உண்டு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் எனக் கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் செத்தவர்கள் 90,000 பேர் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 1943 மழைக்காலத்துக் காலரா மட்டும் முகாம் முகாமாகக் காலி செய்தது. அவர்களுக்கு மருத்துவர் இல்லை, அதிகாரி இல்லை, பேரேடும் இல்லை. பெயரில்லாமல் புதைந்தார்கள்.

அந்தப் பாதையை உடைக்கும் வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? லிபரேட்டர்களுக்கு. வங்காளத்திலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ், அமெரிக்க லிபரேட்டர்கள் 1,600 கிலோமீட்டர் கடந்து போய்ப் பாலங்களையும் ரயில்நிலையங்களையும் திரும்பத் திரும்ப அடித்தன. முகாம்கள் பாதையை ஒட்டியே இருந்தன. கீழே இருந்தவர்களில் யார் ஜப்பான்காரன், யார் கைதி, யார் கூலி என்று மேலேயிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. தாம்ர்கான் பாலத்தின் பக்கத்து முகாமில் நேச நாட்டுக் குண்டுக்கே நேச நாட்டுக் கைதிகள் பலியானார்கள். இன்று காஞ்சனபுரியில் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் அந்த இரும்புப் பாலத்தை உற்றுப் பார்த்தால், வளைவு வளைவாகப் போகும் உத்தரங்களுக்கு நடுவில் இரண்டு மட்டும் வளைவில்லாமல் கோண வடிவத்தில் இருப்பது தெரியும். குண்டில் விழுந்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை.

ஆக, வடாற்காட்டு வானத்துக்குப் பக்கத்தில் ஓட்டப் பழகிய விமானங்கள், வடாற்காட்டுக்காரர்கள் மண்ணள்ளிப் போட்ட பாதையின் மேல் குண்டு போட்டன. மேலே இருந்தவர்களுக்கும் கீழே இருந்தவர்களுக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. லிபரேட்டர் என்றால் விடுவிப்பவன். பெயர் வைத்தது பிரிட்டிஷ்காரர்கள். அந்தப் பாதை உடைந்தது போர் முடிய உதவியது என்பதும் உண்மை, போர் முடிந்ததால்தான் பிழைத்திருந்தவர்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

இப்போது கொஞ்சம் ரேடியோ பேசலாம்.

ரேடியோவில் ஓட்டும் குட்டி விமானம் என்றால் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நமக்கு உண்டு. அதன் பிறப்பு அவ்வளவு அப்பாவித்தனமானது இல்லை. 1937இல் அமெரிக்காவின் கலமாசூ ஊரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாடலை ரேடியோவில் ஓட்டிக் காட்டினார்கள். அது இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர் வந்ததும் வால்டர் குட், விமானத்தை நெருங்கினாலே தானாக வெடிக்கும் ரேடியோ ஃப்யூஸ் செய்யும் ஆராய்ச்சிக்குப் போனார். ஹாலிவுட்டில் ரெஜினால்ட் டென்னி என்று ஒரு நடிகர். ஹாலிவுட் புலவார்டில் மாடல் விமானக் கடை வைத்திருந்தார். அந்த ஆர்வம் ரேடியோபிளேன் என்ற கம்பெனியாக வளர்ந்து, பீரங்கிக்காரர்கள் குறிபழகச் சுடுவதற்கான ரேடியோ விமானங்களை ஆயிரக்கணக்கில் ராணுவத்துக்கு விற்றது. அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணைப் போர்க்காலப் பத்திரிகைக்காகப் படமெடுக்க வந்தவர்தான் அவரை மாடலிங்குக்குப் போகச் சொன்னார். நார்மா ஜீன் என்ற அந்தப் பெண்தான் பின்னாளில் மர்லின் மன்றோ.

லிபரேட்டரும் இந்த விளையாட்டுக்குள் இருந்தது. நிஜ சைஸில். 1944 ஆகஸ்ட் 12ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து ஒரு லிபரேட்டர் சுமார் 9,600 கிலோ வெடிமருந்தோடு கிளம்பியது. இரண்டு பேர் அதை மேலே ஏற்றிவிட்டுப் பாராசூட்டில் குதிக்க வேண்டும். அப்புறம் பின்னால் வரும் தாய்விமானம் ரேடியோவில் ஓட்டி, பிரான்சில் இருந்த ஜெர்மன் சுரங்கத்தின் மேல் மோதவிட வேண்டும். மூக்கில் டெலிவிஷன் கேமராகூட இருந்தது. குதிப்பதற்கு முன்பே வெடித்துவிட்டது. இறந்த இருவரில் ஒருவர் ஜோசப் கென்னடி ஜூனியர், ஜான் எஃப். கென்னடியின் அண்ணன். அவர் இருந்திருந்தால் தம்பி ஜனாதிபதி ஆகியிருப்பாரா என்று அமெரிக்கர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் நடந்தது இன்னொன்று. 'அசான்' என்று ஒரு குண்டு. 450 கிலோ எடை. வாலில் ரேடியோ வாங்கி, சுக்கான்கள், கூடவே ஒரு தீப்பந்தம். விழும்போது அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே மேலே இருப்பவர் ஒரு குச்சியை இடமோ வலமோ தள்ளலாம். முன்பின் திருப்ப முடியாது, இடம் வலம் மட்டும்தான். நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் இலக்குக்கு அது போதும். ரயில் பாலத்துக்குக் கச்சிதம். வங்காளத்தின் பாண்டவேஸ்வர் தளத்து அமெரிக்க லிபரேட்டர்கள் 1944 டிசம்பர் 27இல் பர்மாவின் பியின்மனாவில் ஒரு ரயில் பாலத்தை இதால் உடைத்தன. இன்று ரிமோட்டின் குச்சியில் கட்டைவிரல் வைக்கும் ஒவ்வொருவரும் செய்வது, நுட்பத்தில், அதே வேலைதான். பொம்மையும் ஆயுதமும் ஒரே பட்டறையில் வளர்ந்தன. தனித்தனியாகப் பிரித்து நல்லது கெட்டது சொல்வது கஷ்டம்.

*

தை மாதம், சாமை அறுத்து முடிந்திருந்த சமயம். ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு மேட்டு வயலில் மூன்று பொறியியல் மாணவர்கள் ஒரு லிபரேட்டரைப் பறக்கவிட்டதைப் பார்க்கப் போயிருந்தேன். அடிவாரத்து ஊர்ப் பையன்கள். இணையத்தில் கிடைத்த பிளானை வைத்து ஃபோம் போர்டிலும் தெர்மாகோலிலும் வெட்டி, உள்ளே மூங்கில் சிம்பு கொடுத்துச் செய்தது. பதினைந்தில் ஒரு பங்கு அளவு. இறக்கை 2.2 மீட்டர், நான்கு சின்ன பிரஷ்லெஸ் மோட்டார், ஒரு லைப்போ பேட்டரி. எடை நாலரைக் கிலோ.

அளவைக் குறைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. நீளத்தைப் பதினைந்தில் ஒன்றாக்கினால் இறக்கைப் பரப்பு 225இல் ஒன்றாகும், எடை 3,375இல் ஒன்றாக வேண்டும். முழுச் சுமையோடு 29,500 கிலோ இருந்த விமானம் அப்போது எட்டே முக்கால் கிலோ வரும். இவர்கள் பாதியில் முடித்துவிட்டார்கள். அதனால் மெதுவாகப் பறக்கும், அதுதான் பார்க்க அழகு. நிஜ லிபரேட்டரின் 340 கிலோமீட்டர் வேகத்தை அப்படியே பதினைந்தால் வகுத்தால் 23 வரும். சைக்கிள் வேகம். அவ்வளவு மெதுவாக இது காற்றில் நிற்காது. ஏனென்றால் எல்லாவற்றையும் குறைக்கலாம், காற்றைக் குறைக்க முடியாது. காற்றின் பிசுபிசுப்பு பெரிய விமானத்துக்கும் சின்னதுக்கும் ஒன்றுதான். கடலைத் தாண்ட உதவிய அந்த ஒடிசல் இறக்கை, சின்னதாக்கினால் வம்பு. நுனியில் ஒரு சாண் அகலம்கூட இல்லை. வேகம் குறைந்தால் முதலில் நுனி தூக்குவதை நிறுத்தும், விமானம் பக்கவாட்டில் கவிழும். அதுக்காக இறக்கை நுனியைக் கொஞ்சம் கீழ்நோக்கி முறுக்கி ஒட்டியிருந்தார்கள். இதெல்லாம் போதாதென்று மலைமேல் காற்று அடர்த்தியும் சற்றுக் குறைவு.

முன்பெல்லாம் மாடல்காரர்கள் பல எஞ்சின் விமானம் என்றாலே பயப்படுவார்கள். பெட்ரோல் எஞ்சினில் ஒன்று நின்றால் மற்றது ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய் மண்ணில் குத்தும். பேட்டரி மோட்டார் வந்த பிறகுதான் அந்தப் பயம் போச்சு. சட்டமும் இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி, கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் கண்பார்வைக்குள் ஓட்டும் 25 கிலோ வரையிலான மாடலுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். தடை செய்த வான்பகுதியா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து நிலத்து அம்மா ஒருவர் முறத்தோடு வந்து நின்றார். "களத்துப் பக்கம் வுட்டுடாதீங்கப்பா, சாமை காயுது" என்றார். "இல்லம்மா, இந்தப் பக்கமே சுத்திட்டு இறக்கிடறோம்" என்றான் ரிமோட் வைத்திருந்தவன். கையால் தூக்கி எறிந்ததும் நாலு மோட்டாரும் வண்டுக்கூட்டம் மாதிரி இரைந்தன. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் இறங்கும்போது மூக்குச் சக்கரம் மட்டும் பிய்ந்தது. அந்த அம்மா சிரித்தார், இவர்களும் சிரித்தார்கள்.

குண்டறைக்குள் ஒரு சர்வோ வைத்திருந்தார்கள். கோடை விழாவில் மேலேயிருந்து மிட்டாய் போடலாம் என்று திட்டம். அப்போதுதான் சயாம் ரயிலைப் பற்றிச் சொன்னேன். ஒருவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "எங்க தாத்தாவோட அப்பா மலேயா போனவர்ண்ணா. சண்டைக்கு அப்புறம் லெட்டரே வரலையாம். பாட்டி சாகற வரைக்கும் குங்குமம் அழிக்கலன்னு வீட்ல சொல்வாங்க."

அவர் ரயில் பாதைக்குத்தான் போனாரா என்று யாராலும் சொல்ல முடியாது. யாரும் எழுதி வைக்கவில்லை.

சற்றுப் பொறுத்து இன்னொருவன் பேச்சை மாற்றினான். "பெயின்ட் இன்னும் அடிக்கலண்ணா. பிளான் கூட வந்த ஸ்டிக்கர் எல்லாம் அமெரிக்கா ஸ்டார்தான். நம்ம ஊரு கலர்ல இது இருந்துச்சா?"

*

இருந்தது. உலகத்தில் கடைசியாக லிபரேட்டரை ராணுவப் பணியில் வைத்திருந்தது நாம்தான்.

போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர்கள் கான்பூர் சக்கேரி தளத்தில் குவிந்துகிடந்தன. அவை அமெரிக்கா கடன்-குத்தகையில் கொடுத்தவை. ஒப்பந்தப்படி திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் பயன்படாதபடி அழித்துவிட வேண்டும். திருப்பி வாங்க அமெரிக்காவுக்கு விருப்பமில்லை. அதனால் எஞ்சினில் மணல் கொட்டி, கருவிகளைச் சம்மட்டியால் உடைத்து, சிலதை புல்டோசரால் முட்டி விட்டுப் போனார்கள் என்று சொல்லப்படுகிறது. விடுதலை பெற்ற இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. காஷ்மீர்ச் சண்டையில் டக்கோட்டா சரக்கு விமானத்தின் கதவிலிருந்து குண்டை உருட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

1948இல் பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்டிடம் கேட்டார்கள்: அந்தக் குப்பையிலிருந்து ஏதாவது தேறுமா? அந்தக் கம்பெனியை வால்சந்த் ஹீராசந்த் 1940இல் தொடங்கினார். போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களுக்கு அது பெரிய பழுதுபார்ப்புப் பட்டறையாக இருந்தது. கை பழகியிருந்தது. கான்பூரில் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டி, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டுப்போட்டார்கள். அதைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தவர் கம்பெனியின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெத் கைக்கோபாத் முன்ஷி. லிபரேட்டரை அதுவரை ஓட்டியே அறியாதவர். சுமார் 1,500 கிலோமீட்டர், ஒவ்வொரு தடவையும் ஒரு ஒட்டுப்போட்ட விமானம். இப்படி 40 விமானங்கள் போல வந்து சேர்ந்தன. பெங்களூரில் அவற்றை முழுசாகப் பிரித்துப் புதுப்பித்தார்கள். 1948 நவம்பர் 2இல் இந்திய விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களோடு தொடங்கியது. 1951 ஜனவரியில் 6ஆம் ஸ்குவாட்ரன், கடற்காவலுக்கு. 5ஆவது பின்னால் கான்பெரா ஜெட்டுக்கு மாறிவிட்டது. 6ஆவது மட்டும் 1968 டிசம்பர் கடைசி வரை பிடித்து வைத்திருந்தது. அமெரிக்கா தன்னுடையதை எப்போதோ உருக்கி அலுமினியமாக்கிவிட்டிருந்த காலம் அது.

மாடல் செய்பவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. அவர்கள் தினமும் செய்வதும் இதுதானே: ஒன்றில் உடைந்த மோட்டாரை இன்னொன்றில் மாட்டுவது, விழுந்ததை ஒட்டி மறுபடி தூக்குவது. என்ன, முன்ஷி உள்ளே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். லிபரேட்டர் எங்கேயும் மிச்சமில்லை என்று மேற்கு நாட்டு அருங்காட்சியகங்களுக்கு உறைத்தபோது, முழுசாக இருந்தவை இந்தியாவில்தான் இருந்தன. 1968இல் ஒன்று கனடாவுக்குப் போனது. 1969இல் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவுக்கு, பீமா அருங்காட்சியகத்துக்கு. 1974இல் ஒன்று இங்கிலாந்துக்கு. இன்னொன்று சுற்றிவளைத்து அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குப் போய், 1989இல் மறுபடி பறந்தது. உலகில் இன்று முழு உருவத்தில் இருக்கும் லிபரேட்டர்கள் இருபதுக்கும் குறைவு. அவற்றில் கணிசமானவை கான்பூர்க் குப்பையிலிருந்து எழுந்தவை.

போன இடத்தில் எல்லாம் பெயின்ட் மாறியது. கனடாவில் கனடியன் விமானப்படை நிறம். இங்கிலாந்தில் தென்கிழக்கு ஆசியப் படையணி நிறம். அரிசோனாவில் அமெரிக்க நட்சத்திரமும் 'பங்கே பக்கரூ' என்ற பெயரும். காலிங்ஸ் விமானம் முதலில் 'ஆல் அமெரிக்கன்' ஆனது, பிறகு 'தி டிராகன் அண்ட் ஹிஸ் டெய்ல்', அதன் பிறகு 'விட்ச்கிராஃப்ட்'. போர்க்காலத்தில் ஓரிரு வருஷம் ஏற்ற உடுப்பு நிலைத்தது. இந்தியாவில் இருபது வருஷம் போட்டிருந்த காவி, வெள்ளை, பச்சை வட்டம் சுரண்டப்பட்டது. யாரும் சதி செய்யவில்லை. பணம் கொடுத்தவர்கள் தங்கள் அப்பா ஓட்டிய விமானத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான். இந்திய வண்ணத்தில் பார்க்க வேண்டுமென்றால் டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒன்று இருக்கிறது.

லிபரேட்டர் செய்த வேலை மட்டும் நிற்கவில்லை. ஜவ்வாது மலைக்கு வடகிழக்கே அரக்கோணத்தில், போர்க்காலத்து ஓடுதளம் இருந்த அதே ஊரில், 1992 முதல் கடற்படையின் ராஜாளி தளம் இருக்கிறது. 2017 வரை அங்கே டி.யு.-142 என்ற பிரம்மாண்டமான ரஷ்ய விமானங்கள் இருந்தன. இப்போது பி-8ஐ. வங்கக் கடலில் நீர்மூழ்கி தேடும் பழைய வேலையையே அவை செய்கின்றன.

அந்தப் பையன்களிடம் வெள்ளி நிறம் அடித்து மூவண்ண வட்டம் வைக்கச் சொன்னேன். அதற்கு ஸ்டிக்கர் விற்பதில்லை, கையால் வட்டம் போட்டு அடிக்க வேண்டும். நட்சத்திரம் ஒட்டினால் அது வில்லோ ரன்னின் கதையைச் சொல்லும். பிரிட்டிஷ் வட்டம் போட்டால் கோலார், பரங்கிமலை, காங்கேசன்துறை. மூவண்ணம் அடித்தால் கான்பூர், பெங்களூர், முன்ஷி. மூன்றுமே நிஜம்தான், மூன்றையும் விமானத்தின் மேல்தோலில் எழுதலாம்.

பாதையில் மண் சுமந்தவரின் கதையை அதன் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாது. அது விமானத்திலிருந்து தெரிந்த கதை இல்லை. வடாற்காட்டுக் கிராமங்களில் கடிதம் நின்றுபோன வீடுகள் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ, அந்த வீடுகளில் கேட்டு ஒவ்வொரு பெயராக எழுதி வைக்கலாம். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது மலேயா போனவர் உண்டா என்று பாட்டியிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.